தேநீர்க் கடையின் இரண்டு குவளைகள்: நேரில் கண்டவை

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
1990களின் நடுவில் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளிக்கு மாறுதலாகிச் சென்றேன். முதல் இரண்டு நாள்களும் பேருந்து நிறுத்தத்துக் கடையில் கண்ணாடிக் கிளாசில் தேநீர் கிடைத்தது. பெஞ்சில் இடமும் கிடைத்தது. மூன்றாம் நாள் கடைக்காரர், "சார் ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காலனி என்றேன். மறுநாள் கூரை விளிம்பில் செருகியிருந்த அலுமினிய டம்ளரை நானே எடுத்து, நானே கழுவி நீட்ட வேண்டியிருந்தது. அதே பால், அதே விலை. அன்று பிற்பகல் எட்டாம் வகுப்பில் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகப் பாடம் நடத்தினேன். பின்வரிசையில் ஒரு மாணவன் தலை குனிந்தே இருந்தான். காலையில் அவனும் அந்தக் கடையில் நின்றிருந்தான்.

கடைக்காரர் மகன்:
ஆசிரியர் ஐயா எழுதியது வேறு ஊராக இருக்கலாம். ஆனால் என் அப்பாவும் அப்படித்தான் கடை நடத்தினார். எங்கள் கடையில் இரண்டுமே கண்ணாடிக் கிளாஸ்தான். காலனிக்காரர்களுக்கு உரியவற்றின் அடியில் சிவப்புப் பெயின்ட் பொட்டு ஒன்று இருக்கும். உணவுக் கடையில் பொதுப் பாத்திரத்தை மறுப்பது தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம் என்றும், அதற்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை உண்டு என்றும் அப்பாவுக்குத் தெரியும். யாரோ மனு கொடுத்து வருவாய்த் துறையினர் வந்துபோன பிறகு, அவர் பொட்டு வைத்த கிளாசுகளை மறைத்துவிட்டு பிளாஸ்டிக் கப் வாங்கினார்: ஊர்க்காரர்களுக்குக் கிளாஸ், மற்றவர்களுக்குக் கப். சுகாதாரம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்ததால், அதற்குப் பின் ஒருவரும் மனு கொடுக்கவில்லை. (சட்டத்தைவிடக் கப்புதான் எங்கள் கடையை அமைதியாக்கியது என்பதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.)

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் அடங்கியது. அப்பா இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தவர், காலனியிலிருந்து வருபவர்களிடம் தூக்குவாளி கொண்டுவந்து பார்சல் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அவருக்குப் பின் கடை என் கைக்கு வந்தது. இப்போது எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான். அதற்காக எதிர்க்கடைக்கு மாறியவர்களும் உண்டு. அவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். காலனியிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் மட்டும் இன்றும் தூக்குவாளியுடன்தான் வருகிறார். சென்ற மாதம் அவர், "பொட்டு வச்ச கிளாசையெல்லாம் என்னப்பா பண்ணின?" என்று கேட்டார். தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னேன். அவை பரணில் ஒரு சாக்கில் கட்டிக் கிடக்கின்றன.