மொத்தத்தில் சேராமல் போகும் செல்கள்: வீட்டுச் செலவு ஷீட் அனுபவங்கள்

காரைக்குடி

எக்செல் ஷீட்டில் தொகை எழுதும் காலத்தில் (column, மேலிருந்து கீழே வரும் பத்தி) எழுத்து நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மாதிரி. (தலைப்பில் வரும் ஊர், எழுதுகிறவரின் ஊர்.) (ஃபார்முலாப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்துதான்.)

சி2 மளிகை: 4200
சி3 பால்: 1350
சி4 கோயில் புள்ளி வரி: பாக்கி
சி5 திங்கள் சந்தை: 850 ரூ
சி6 கரண்ட் பில்: 1180 (பாங்க் ஸ்டேட்மெண்டிலிருந்து ஒட்டியது)

=சி2+சி3+சி4+சி5+சி6 என்று போட்டால் #வேல்யூ! என்ற பிழை வந்து நிற்கும். =சம்(சி2:சி6) போட்டால் 5550 என்று அமைதியாகக் காட்டும். கையை விட்டுப் போனதோ 7580. சம், ரேஞ்சில் இருக்கும் எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். அதனால் அந்த 2030 ரூபாய் மாசக் கடைசியில் கையிருப்பை எண்ணும்போதுதான் இடிக்கும்.

தேவகோட்டை

அண்ணே, அதில் சி6-தான் வில்லங்கம். பார்க்க எண் மாதிரியே இருக்கும். எண் தானாக வலது ஓரம் போகும், எழுத்து இடது ஓரம் நிற்கும். ஆனால் யாராவது சென்டர் அலைன் பண்ணியிருந்தால் அந்த அடையாளமும் போச்சு. மொத்தத்துக்குக் கீழேயே இதை வைத்துவிடுங்கள்:

=கவுண்ட்ஏ(சி2:சி6)-கவுண்ட்(சி2:சி6)

கவுண்ட்ஏ காலியில்லாத எல்லாச் செல்லையும் எண்ணும், கவுண்ட் எண் உள்ளதை மட்டும் எண்ணும். மேலே உள்ளதற்கு 3 வரும். 0 ஆகும்வரை மொத்தத்தை நம்ப வேண்டாம்.

ஒட்டிய தொகையில் பெரும்பாலும் ஒளிந்திருப்பது நான்-பிரேக்கிங் ஸ்பேஸ் (பார்க்கச் சாதாரண இடைவெளி மாதிரியே இருக்கும்), குறியீட்டு எண் 160. டிரிம் சாதாரண ஸ்பேஸை (32) மட்டும்தான் எடுக்கும், இதைத் தொடாது. பக்கத்துக் காலத்தில்

=வேல்யூ(டிரிம்(சப்ஸ்டிட்யூட்(சி6,கேர்(160),"")))

போட்டு, விடையைக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் 'வேல்யூஸ்' கொடுத்து சி6-லேயே ஒட்டுங்கள். தொகைக்குப் பின்னால் 'டிஆர்' (டெபிட், பற்று) ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கு இன்னொரு சப்ஸ்டிட்யூட்.

பள்ளத்தூர்

சி5-க்கு ஃபார்முலாவே வேண்டாம். செல்லில் 850 மட்டும் இருக்கட்டும். ஃபார்மட் செல்ஸ், கஸ்டம் போய் 0" ரூ" என்று கொடுத்தால் கண்ணுக்கு ரூ தெரியும், கணக்குக்கு எண்தான். 'பாக்கி' குறிப்புக் காலத்துக்குப் போகட்டும், தொகைச் செல் காலியாக இருக்கட்டும். காலிச் செல்லைக் கூட்டல் குறி 0 என்றே எடுக்கும்.

சராசரி எடுக்கும்போது மட்டும் கவனம். 12 மாதத்தில் ஒரு மாதம் 'இல்லை' என்றோ காலியாகவோ இருந்தால் ஆவரேஜ் 11-ஆல் வகுக்கும். செலவே இல்லாத மாதத்துக்கு 0 எழுதணும்.

கானாடுகாத்தான்

பற்று வரவு ஷீட்டில் (பி வரவு, சி செலவு, டி இருப்பு) =டி1+பி2-சி2 என்று போட்டதும் முதல் வரியிலேயே #வேல்யூ! வருவது, மேலே டி1-ல் 'இருப்பு' என்ற தலைப்பு இருப்பதால். =என்(டி1)+பி2-சி2 போதும்; என் (ஆங்கில N) என்ற ஃபார்முலா எழுத்தை 0 ஆக்கிவிடும். அதற்காக பி2, சி2-க்கும் என் போடாதீர்கள் ஆச்சி. '850 ரூ' என்பதையும் அது 0 ஆக்கி மறைத்துவிடும். எல்லாவற்றுக்கும் இஃப்எரர் (பிழைக்குப் பதில் நாம் சொன்னதைக் காட்டுவது) போர்த்துவதும் இதே கதைதான்.

காரைக்குடி

டேட்டா வேலிடேஷனில் (செல்லில் எதை அடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி) 'டெசிமல், 0 அல்லது அதற்கு மேல்' வைத்தால் எழுத்தை அடிக்கவே விடாது. ஆனால் அது கையால் அடிப்பதற்கு மட்டும். எக்செலில் காப்பி செய்து ஒட்டினால் தடுக்காது. தேவகோட்டை சொன்ன கவுண்ட்ஏ வரியை எடுத்துவிடாதீர்கள்.