நெகேட் கையில் இருந்தும் வர்ம்காயில் எஞ்சினைத் தடுக்க முடியாதா?

நீலமனா:
நேற்று மேஜிக் (Magic: The Gathering) கார்டு விளையாட்டு ஆடும்போது ஒரு தகராறு. எதிராளி ஆறு மனா (கார்டு போடச் செலவாகும் சக்தி) போட்டு வர்ம்காயில் எஞ்சின் என்ற கார்டை இறக்கினார். என்னிடம் இரண்டு மனா மிச்சம், கையில் நெகேட். நெகேட் என்பது கிரியேச்சர் (சண்டைபோடும் உயிரி) அல்லாத ஸ்பெல்லை (போட்டு இன்னும் களத்துக்கு வராத கார்டை) தடுக்கிற கார்டு, எஞ்சின் ஆர்ட்டிஃபாக்ட் (பொருள்) வகைதானே என்று போட்டேன், செல்லாது என்றார். அப்புறம் அந்த 6/6 (தாக்கும் பலம் 6, தாங்கும் பலம் 6) என்னை மென்று தீர்த்தது. யார் சொன்னது சரி?

பழையகை:
அவர்தான். கார்டில் டைப் வரியைப் பாருங்கள், "ஆர்ட்டிஃபாக்ட் கிரியேச்சர்" என்று இருக்கும். அந்த வரியில் கிரியேச்சர் என்ற சொல் வந்துவிட்டால் கூட வேறு எத்தனை டைப் இருந்தாலும் நெகேட் தொடாது. எசென்ஸ் ஸ்காட்டர் என்ற தடுப்புக் கார்டுக்கு நேர் எதிர், கிரியேச்சர் என்று இருந்தாலே போதும். அன்னல் என்ற தடுப்புக் கார்டு இருந்திருந்தால் ஒரே மனாவில் வேலை முடிந்திருக்கும், அதற்கு ஆர்ட்டிஃபாக்டோ என்சான்ட்மென்டோ (நிலைத்து நிற்கும் மந்திர வகை) இருந்தால் சரி, கிரியேச்சரா இல்லையா என்று கேட்காது.

நீலமனா:
அப்போ ஸ்மக்லர்ஸ் காப்டர் கார்டு? அதிலும் 3/3 என்று அச்சடித்திருக்கிறதே.

பழையகை:
எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்பெல்லாக ஸ்டாக்கில் (போட்ட கார்டு நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்கும் இடம்) இருக்கும்போது அது வெறும் ஆர்ட்டிஃபாக்ட், வாகனம், அவ்வளவுதான். நெகேட் தாராளமாகப் பிடிக்கும், எசென்ஸ் ஸ்காட்டர் பிடிக்காது. க்ரூ செய்த (நம் கிரியேச்சர்களை வைத்து வாகனத்தை இயக்கிய) பிறகுதான் கிரியேச்சர் ஆகிறது, ஆனால் அப்போது அது ஸ்பெல்லே இல்லை. க்ரூ என்பது எபிலிட்டி (களத்தில் உள்ள கார்டின் திறன்), அதைத் தடுக்க ஸ்டைஃபிள் கார்டு மாதிரி ஏதாவது வேண்டும்.

மூன்றாம்தீவு:
ஒரே கார்டை எப்படி காஸ்ட் செய்கிறார்கள் (ஸ்பெல்லாகப் போடுகிறார்கள்) என்பதையும் கவனிக்க வேண்டும். பூன் சாடைரைச் சாதாரணமாக இறக்கினால் என்சான்ட்மென்ட் கிரியேச்சர், நெகேட் செல்லாது. அதையே பெஸ்டோ (வேறொரு கிரியேச்சரில் ஒட்டவைக்கும் மாற்று முறை) கொடுத்து காஸ்ட் செய்தால் ஸ்டாக்கில் ஆரா (ஒட்டிக்கொள்ளும் என்சான்ட்மென்ட்), கிரியேச்சர் இல்லை, நெகேட் செல்லும். எனக்குப் பிடித்தது போன்க்ரஷர் ஜயண்ட், ஒரே கார்டில் ராட்சதனும் ஸ்டாம்ப் என்ற ஸ்பெல்லும் உண்டு. ஸ்டாம்ப் பக்கத்தை காஸ்ட் செய்யும்போது அது இன்ஸ்டன்ட் (கிரியேச்சர் அல்லாத உடனடி ஸ்பெல்). அந்த நேரத்தில் நெகேட் போட்டால் கார்டு நேராகக் கல்லறைக்கு (தீர்ந்த கார்டுகளின் குவியலுக்கு) போகும், விட்டுவிட்டால் எக்சைலுக்கு (ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கும் இடத்துக்கு) போய்ப் பின்னால் ராட்சதனாக வந்து நிற்கும். இரண்டு டேமேஜ்தானே, போகட்டும் என்று நானே பலமுறை விட்டுக் கெட்டிருக்கிறேன்.

காட்டுவழி:
டிரையட் ஆர்பர் கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேண்ட் (மனா தரும் நிலம்) கிரியேச்சர். லேண்டை யாரும் காஸ்ட் செய்வதில்லை, அது ஸ்டாக்குக்கே வராது. எசென்ஸ் ஸ்காட்டர் என்ன, எந்த ஸ்பெல்லையும் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல் கார்டே இருந்தாலும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பழையகை:
@நீலமனா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். செல்லாத இலக்கின் மேல் போட்ட நெகேட்டைக் கைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டீர்களா? அப்படி காஸ்ட் செய்ததே தவறு என்பதால் கார்டும் மனாவும் திரும்பி வர வேண்டும்.

நீலமனா:
கல்லறையில் போடச் சொன்னார். போட்டேன் 🤦