அண்ணனின் இரத்தத்தைக் கேட்கிறார்கள்: ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குத் தரலாமா?

செந்தில், கே.ஆர்.புரம் | சனி, இரவு 9.40

வணக்கம். என் அண்ணனுக்கு 14 வருடமாக இருமுனைக் கோளாறு, பைபோலார் என்கிறார்களே, அந்த மனநோய். பெங்களூரிலேயே ஒரு பெரிய மருத்துவமனையில் காட்டுகிறோம். எங்கள் பெரியப்பாவுக்கும் இதே நோய் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் யாருக்கும் பெயர் தெரியவில்லை, குணசீலம் கோயிலில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

போன வாரம் டாக்டர் ஒரு விஷயம் கேட்டார். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்திருப்பதால் அண்ணன், நான், அம்மா மூவரும் கொஞ்சம் இரத்தம் தந்தால், அதிலிருந்து ஸ்டெம் செல் செய்து, அதை மூளைச் செல்லாக வளர்த்து ஆராய்வார்களாம். பிறகு சிப்பிலும் வைத்துப் பார்ப்பார்களாம். தராவிட்டாலும் சிகிச்சையில் ஒரு மாற்றமும் இருக்காது என்று தெளிவாகவே சொன்னார்.

அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. "அவன் இரத்தத்தில் இன்னொரு மூளை செய்து அதையும் கஷ்டப்படுத்தப் போகிறார்களா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தரலாமா?

கவிதா, ஹெப்பால் | சனி, இரவு 10.25

தாருங்கள் செந்தில். நான் வடக்கு பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் இந்த வேலையைத்தான் செய்கிறேன். ஸ்டெம் செல்லுக்கு தினமும் மீடியா, அதாவது அது வளரும் சத்துத் திரவம், மாற்ற வேண்டும். ஞாயிறும் உண்டு, பந்த் அன்றும் உண்டு.

முதலில் அம்மாவுக்கு. இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் அவை கருவின் தொடக்கநிலைச் செல்லைப் போல மாறிவிடும், அதைத்தான் ஸ்டெம் செல் என்கிறோம். ஜப்பானில் ஷின்யா யமனாகா 2006-இல் எலிச் செல்லிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் இதைச் செய்து காட்டினார், 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அப்படி மாறிய செல்லை நரம்பாக்கலாம், ஈரலாக்கலாம், இதயத் தசையாக்கலாம். ஆனால் தட்டில் வளர்வது நரம்புச் செல்களின் ஒரு மெல்லிய விரிப்புதான். அதற்கு வலி தெரியாது, நினைவு கிடையாது. அது உங்கள் அண்ணன் இல்லை. யார் உடம்பிலும் அதை ஊசியாகப் போடப் போவதும் இல்லை.

எதற்கு குடும்பமாகக் கேட்கிறார்கள்? நோய் வந்தவரின் செல்லையும் அதே குடும்பத்தில் நோய் வராதவரின் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் என்ற ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து இப்படித்தான், ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் உள்ளவர்களிடமிருந்து செல் வரிசைகளை உருவாக்கியிருக்கிறார்கள். நம் ஊரிலேயே நடக்கிற வேலை இது.

ஒன்று கேட்கலாமா? அண்ணனுக்கு லித்தியம் மருந்து கேட்டதா?

செந்தில் | சனி, இரவு 10.31

இல்லை மேடம். இரண்டு வருடம் கொடுத்தார்கள். நோய் குறையவில்லை, தைராய்டுதான் கெட்டது.

முருகேசன், அல்சூர் | ஞாயிறு, காலை 6.10

செந்தில் தம்பி, அவசரப்பட வேண்டாம். ஒரு மருந்து கம்பெனியின் அனிமல் ஹவுஸில், சோதனை விலங்குகளை வைத்திருக்கும் இடத்தில், 31 வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவன் நான்.

இப்போது எங்கே பார்த்தாலும் "மருந்தைச் சோதிக்க இனி எலி வேண்டாம், செல் வளர்த்த சிப் போதும்" என்கிறார்கள். லித்தியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் கினி பன்றிகளுக்கு லித்தியம் செலுத்தி, அவை சாந்தமாவதைப் பார்த்த பிறகுதான் மனிதருக்குக் கொடுத்தார். 1949-இல் எழுதினார். உங்கள் அண்ணனின் நோய்க்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வரும் மருந்து விலங்கிடமிருந்து வந்தது.

உடம்பு என்பது ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒரு கூட்டம். ஈரல் மாற்றிய மருந்துதான் மூளைக்குப் போகும், சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதைப் பொறுத்துத்தான் லித்தியம் நஞ்சாவதும் மருந்தாவதும். தைராய்டு கெட்டது என்கிறீர்களே, நரம்பு வளர்த்த தட்டில் அது தெரிந்திருக்குமா? தெரியாது. ஒரு முழு உயிரில்தான் தெரியும்.

இன்னொன்று. இந்த முறையில் செல்லை மாற்றும்போது அதன் வயது அழிந்துவிடுகிறது. மாதக்கணக்கில் வளர்த்த பிறகும் அந்த நரம்பு கருவில் இருக்கும் குழந்தையின் நரம்பைப் போலத்தான். உங்கள் அண்ணனுக்கு நோய் எந்த வயதில் வந்தது? இருபதை ஒட்டி இருக்கும். கருவின் நரம்பில் அதைத் தேடி என்ன கிடைக்கும்?

ஷாலினி, எலக்ட்ரானிக் சிட்டி | ஞாயிறு, காலை 9.15

முருகேசன் சார், மரியாதையோடு மறுக்கிறேன். கினி பன்றிகள் சாந்தமானதற்கே லித்தியத்தின் நச்சுதான் காரணமாக இருக்கும் என்று பிறகு வந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தற்செயலாக நல்லது நடந்ததை முறை என்று சொல்ல முடியாது.

நடக்காததையும் பாருங்கள். 1993-இல் அமெரிக்காவில் ஃபியலூரிடின் என்ற மருந்தை ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்குக் கொடுத்தார்கள். விலங்குச் சோதனைகளைத் தாண்டி வந்த மருந்து. ஈரல் செயலிழந்து ஐந்து பேர் இறந்தார்கள், இரண்டு பேருக்கு ஈரல் மாற்ற வேண்டியிருந்தது. 2006-இல் லண்டனில் டி.ஜி.என்.1412 என்ற மருந்து. குரங்குக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் ஆறு இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். குரங்கும் முழு உயிர்தான் சார்.

சிப் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் மின்னணுச் சிப்தான் ஞாபகம் வரும். நானும் அந்த வேலையில் இருந்தவள்தான். இது வேறு. அச்சு எடுக்கும் முறை மட்டும் அங்கிருந்து வந்தது. பென் டிரைவ் அளவில் ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பர், உள்ளே முடி அளவு வாய்க்கால்கள். 2010-இல் ஹார்வர்டில் டொனால்ட் இங்பரும் டான் ஹூவும் செய்த நுரையீரல் சிப்பில் நடுவே துளைகள் உள்ள மெல்லிய சவ்வு இருந்தது. மேலே நுரையீரல் செல்லும் காற்றும், கீழே இரத்தக் குழாய்ச் செல்லும் ஓடும் திரவமும். இரு பக்கமும் காற்றை உறிஞ்சி உறிஞ்சி விட்டால் சவ்வு இழுபட்டுச் சுருங்கும், மூச்சு விடுகிற மாதிரி. இரண்டு வருடம் கழித்து அதே சிப்பில் ஒரு புற்றுநோய் மருந்தைச் செலுத்தி நுரையீரலில் நீர் கோப்பதைக் காட்டினார்கள். மூச்சு அசைவு இருந்தபோதுதான் கசிவு அதிகமானது. அசையாத தட்டு இதைச் சொல்லியிருக்காது.

ஈரல் சிப்பில் 2022-இல் வந்த ஆய்வு: 870 சிப், 27 மருந்து. ஈரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தை அது கண்டுபிடித்தது, நல்ல மருந்து ஒன்றைக்கூடத் தவறாகக் குற்றம் சாட்டவில்லை. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் சட்டத்தையே மாற்றினார்கள், புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயமில்லை என்று. இந்தியாவும் 2023 மார்ச்சில் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, செல் முறைகளையும் சிப்பையும் ஏற்றுக்கொண்டது.

முருகேசன் | ஞாயிறு, காலை 11.50

ஷாலினி அம்மா, நீங்கள் சொன்ன இரண்டு விபத்தும் உண்மை. ஃபியலூரிடின் செய்தி வந்த அன்று எங்கள் அனிமல் ஹவுஸில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் கையெழுத்துப் போடும் அறிக்கைகளும் அதே வகைதானே.

ஆனால் ஈரல் சிப் ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள். சிப்பைச் செய்து விற்கும் எமுலேட் நிறுவனத்தார் முன்னின்று செய்த ஆய்வு அது. அதில் இருந்தவை தானம் தந்தவர்களின் முதிர்ந்த ஈரல் செல்கள், ஸ்டெம் செல்லில் வளர்த்தவை அல்ல. செந்திலிடம் கேட்கப்படுவது வேறு. அந்தச் சிலிக்கோன் ரப்பரே எண்ணெய்த் தன்மையுள்ள மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். செல்லுக்குப் போய்ச் சேர்ந்த மருந்து எவ்வளவு என்று எப்படிச் சொல்வீர்கள்?

சட்டமும் விலங்கைத் தடை செய்யவில்லை, கட்டாயத்தை எடுத்தது. அவ்வளவுதான்.

"விலங்கில்லாத ஆராய்ச்சி" என்று சொல்வதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. கவிதா அம்மா, ஒரு கேள்வி. உங்கள் செல் எதன் மேல் ஒட்டி வளர்கிறது? எந்த சீரத்தில், எந்த விலங்கின் இரத்த நீரில்?

கவிதா | ஞாயிறு, மதியம் 1.05

மறைக்க ஒன்றுமில்லை சார். நாங்கள் பயன்படுத்துவது மேட்ரிஜெல். எலியின் உடம்பில் வளர்த்த புற்றுக் கட்டியிலிருந்து எடுப்பது. ஸ்டெம் செல்லுக்கு சீரம் இல்லாத மீடியாதான், ஆனால் சில செல் வகைகளுக்கு மாட்டுக் கன்றின் சீரம் இன்னும் வேண்டியிருக்கிறது. வெட்டப்பட்ட சினை மாட்டின் கருவிலிருந்து வருவது. விலங்கில்லாத மாற்றுகள் உண்டு, விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் "விலங்கில்லாத" என்ற சொல்லை நான் எங்கேயும் பயன்படுத்துவதில்லை.

ஆனால் வயது அழிந்துவிடும் என்றீர்களே, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. செந்திலிடம் லித்தியம் கேட்டதா என்று கேட்டேன் இல்லையா, இதற்காகத்தான். 2015-இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தார் இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் தோலிலிருந்து நரம்புகளை வளர்த்தார்கள். நோய் இல்லாதவர்களின் நரம்பைவிட அவை மிகையாகத் துடித்தன. பிறகு லித்தியம் விட்டார்கள். லித்தியம் பலன் தந்த நோயாளிகளின் நரம்புகள் அடங்கின. பலன் தராதவர்களின் நரம்புகள் அடங்கவில்லை!

அந்த ஆய்வுத் தாளை முதல் தடவை படித்தபோது இரவு முழுக்க எனக்கு அதே நினைப்பு. நீங்கள் சொல்கிற அதே இளம் நரம்புதான் சார். இருபது வயதில் வெளியே தெரிந்த நோயின் ஏதோ ஒரு பகுதி அங்கேயே இருந்திருக்கிறது. எந்தக் கினி பன்றியும் இதைச் சொல்லாது. கினி பன்றிக்கு இருமுனைக் கோளாறு வராது, வந்தாலும் அது செந்திலின் அண்ணனுடையது இல்லை.

இரண்டு வருடம் ஒரு மருந்தைக் கொடுத்து, தைராய்டு கெட்ட பிறகு "இது இவருக்குக் கேட்காது" என்று அறிவது எவ்வளவு கொடுமை. முன்கூட்டியே ஒரு தட்டில் தெரிந்தால்?

முருகேசன் | ஞாயிறு, மதியம் 2.30

அந்த ஆய்வில் நோயாளிகள் ஆறே பேர், அம்மா. ஆறு பேரை வைத்து ஒரு மனிதரின் மருந்தை முடிவு செய்யக் கூடாது.

ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், மனநோய்க்கு எலி மிக மோசமான மாதிரி. எலியை வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு அது எவ்வளவு நேரம் போராடுகிறது என்று அளந்து அதை மனச்சோர்வு என்போம். அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். அது மனச்சோர்வு என்று என்னால் ஒருநாளும் நம்ப முடிந்ததில்லை.

மருந்தின் நச்சைப் பார்க்க முழு உடம்பு வேண்டும் என்பதில் மாறமாட்டேன்.

வசந்தா, ராமமூர்த்தி நகர் | ஞாயிறு, மாலை 5.20

ஸ்டெம் செல் என்ற பேரைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். என் பையனுக்கு ஆட்டிசம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கிளினிக்கில் "ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேசுவான்" என்றார்கள். தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் அடகு வைத்தேன். அவன் பேசவில்லை. ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலில் கிடந்தான், அதுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஒரு டாக்டர் விளக்கினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி ஒரு சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல் சிகிச்சை எதையும் ஆராய்ச்சிக்கு வெளியே கொடுக்கக் கூடாது, ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

செந்தில் தம்பி, உங்களிடம் காசு கேட்டார்களா? அண்ணன் குணமாவார் என்று சொன்னார்களா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

செந்தில் | ஞாயிறு, இரவு 8.45

இரண்டும் இல்லை அக்கா. காசு கேட்கவில்லை. "உங்களுக்கு நேரடியாக ஒரு பலனும் கிடைக்காமல் போகலாம்" என்றுதான் டாக்டர் சொன்னார். உண்மையில் அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது. இப்போது உங்கள் கதையைப் படித்த பிறகு அது நல்ல வார்த்தையாகத் தெரிகிறது.

எங்களுக்கு இன்னொரு பயம் உண்டு. அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறோம். எங்கள் வீட்டு இரத்தத்தில் இந்த நோய் இருக்கிறது என்று ஏதோ ஒரு பதிவில் இருந்து, நாளைக்கு வெளியே தெரிந்தால்?

கவிதா | ஞாயிறு, இரவு 9.30

நியாயமான பயம். எங்களுக்கு வரும் குழாயில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் மரபணுவை முழுதாகப் படித்துவிட்டால் எண்ணுக்குப் பின்னால் இருப்பவரைத் தேடிப் பிடிப்பது முடியாத காரியம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுச் செல்லை அவரிடம் கேட்காமலே எடுத்து வளர்த்தார்கள். இன்றுவரை உலகம் முழுக்க அது வளர்கிறது. குடும்பத்துக்குத் தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது. உங்களிடம் கேட்கிறார்கள் என்பதே அந்தத் தவறிலிருந்து கற்றதுதான். நீங்களும் திருப்பிக் கேளுங்கள்: செல்லை வேறு யாருக்குத் தருவார்கள், கம்பெனிக்கும் தருவார்களா, மரபணுத் தகவல் எங்கே இருக்கும், பின்னால் வேண்டாம் என்றால் அழிப்பார்களா.

முருகேசன் | ஞாயிறு, இரவு 9.52

சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள் தம்பி. அம்மாவுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் வராது என்றால் அவர் படிக்காமல் கைநாட்டு வைக்கக் கூடாது. முதலில் அண்ணனிடம் கேட்டீர்களா? இத்தனை பேர் பேசிவிட்டோம், அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

செந்தில் | வியாழன், இரவு 10.15

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. நாங்கள் அவனிடம் கேட்கவே இல்லை. இந்த வாரம் நன்றாக இருக்கிறான், திங்கள்கிழமை உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், லித்தியம் ஆய்வு உட்பட. இரண்டு தடவை படிக்கச் சொன்னான். "அப்போ நான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததால் கேட்காமல் போகவில்லை" என்றான். இரண்டு வருடமும் அம்மாவும் நானும் அவனை அப்படித்தான் திட்டியிருக்கிறோம்.

புதன்கிழமை அவனே வந்து டாக்டரிடம் கேள்விகளைக் கேட்டான். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், மீதியுள்ள செல்லை அழித்துவிடுவார்கள், ஏற்கெனவே வெளியான முடிவைத் திரும்பப் பெற முடியாது. கம்பெனிக்குத் தருவதற்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் அவன் 'இல்லை' என்று குறித்தான். தமிழ்ப் படிவம் கையில் இல்லை, வரவழைக்கிறோம் என்றார்கள், அதனால் அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. அண்ணனுக்கும் எனக்கும் சனிக்கிழமை இரத்தம் எடுக்கிறார்கள்.

கவிதா | வியாழன், இரவு 10.40

வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லவில்லை என்றால் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.