மொறிஸ் மைனரின் கை: பழைய வாகனச் சிக்னல்கள், நாங்கள் கண்டவை

அப்பாவின் மொறிஸ் மைனர் காருக்கு, திரும்பப்போகிற பக்கத்தைக் காட்ட இரண்டு பக்கமும் கை இருந்தது. முன்கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் ஒரு நீளப் பிளவு. சுவிச்சைத் திருப்பினால் அதற்குள் மடங்கிக் கிடக்கிற செம்மஞ்சள் கை டக்கென்று வெளியே எழும்பி நிற்கும். மினுக்காது, உள்ளே உள்ள சின்னப் பல்பு விடாமல் எரியும். சுவிச்சை நிப்பாட்டினால் கை தன் பாரத்திலேயே விழுந்து உள்ளே போய்விடும். ஆங்கிலேயர் வைத்த பெயர் ட்ரஃபிக்கேற்றர். எங்கட வீட்டில் அது வெறும் 'கை'.

பொறி பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மின்காந்தச் சுருள், கரண்ட் பாய்ந்ததும் இரும்புத் தண்டை இழுக்கும், தண்டு கையைத் தூக்கும். ஆனால் யாழ்ப்பாணத்துப் புழுதியில் அச்சு இறுகிவிடும். அப்பா காருக்குள் இருந்தபடியே தூணில் ஒரு குத்து விடுவார், அதற்குப் பிறகுதான் எழும்பும். சிலவேளை எழும்பினது இறங்காது. ஒருநாள் கொக்குவில் சந்தியில் இடப்பக்கக் கை நீட்டினபடியே நேரே போய்விட்டோம். பின்னால் சைக்கிளில் வந்த ஐயா ஒருவர் நாங்கள் இடப்பக்கம் திரும்புவோம் என்று நம்பி, வலப்பக்கமாக விலத்தி எதிரே வந்த மினிபஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். பஸ் நின்றதால் தப்பினார். அப்பா காரை ஓரமாக விட்டு, இறங்கிப் போய் அவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்று முழுக்க அப்பா கதைக்கவில்லை.

1990க்குப் பிறகு யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். கரண்டும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்துக் கண் எரிகிறது என்று அக்கா அழுதபோது, அப்பா இடப்பக்கக் கைக்குள் இருந்த அந்தக் குட்டிப் பல்பைக் கழற்றி, பழைய கார் பற்றறியில் வயர் கொடுத்து மேசைக்கு மேல் தொங்கவிட்டார். அக்கா அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் சாதாரண தரப் பரீட்சை எழுதினா. கை அதற்குப் பிறகு வெளிச்சம் இல்லாமலே எழும்பியது. பகலில் அது போதும், ஆட்கள் அதைக் கண்டு விலத்தினார்கள். மினுக்கு லைற்றில் பல்பு போனால் சிக்னலே இல்லை. இந்தக் கைக்கு அப்படியில்லை என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விசயம்.

* * *

அண்ணே, நான் மதுரை. முப்பது வருசமா வண்டி வயரிங் வேலை. நீங்க சொல்ற கையை நான் தொட்டதில்லை. நான் கத்துக்கிட்டது அம்பாசிடர்ல, உருண்டையா தகர டப்பா மாதிரி இருக்குமே, இண்டிகேட்டர் லைட்டை மினுக்க வைக்கற அந்தப் பிளாஷர். உள்ளே மெல்லிசு உலோகப் பட்டை, கரண்ட்ல சூடாகி வளையும், தொடர்பு விடும், ஆறினதும் திரும்ப ஒட்டும். டிக் டிக்னு கேட்கறது அந்தச் சத்தம்தான். ஒரு பல்பு போச்சுன்னா பட்டைக்குச் சூடு பத்தாது, மினுக்கறது மந்தமாகும், இல்ல அப்படியே நின்னு எரியும். என் குருநாதர் கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை வச்சே எந்தப் பக்கம் பல்பு போச்சுன்னு சொல்லுவார். இப்போ வர்ற வண்டியில பல்பு போனா தலைகீழா வேகமா அடிக்கும். எல்இடி மாட்டிட்டு 'வேகமா அடிக்குதுண்ணே'ன்னு வாரம் ரெண்டு பேராவது வர்றாங்க.

எனக்குப் பயம் வேற இடத்துல. நெடுஞ்சாலையில லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டா 'தாண்டிப் போ'ன்னும் அர்த்தம், 'நான் வலது பக்கம் திரும்பறேன்'னும் அர்த்தம். மேலூர் தாண்டி என் மச்சான் அதை முதல் அர்த்தத்துல எடுத்துக்கிட்டார். லாரி திரும்பிடுச்சு. கால்ல கம்பி வச்சிருக்கு. கிளீனர் கையை வெளியே போட்டு மேலும் கீழும் ஆட்டியிருந்தா மச்சான் நின்னிருப்பார்.

* * *

நான் டொராண்டோவில் இருக்கிறேன். வந்த புதிதில் 401 நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் ஒன்றின் சிவப்பு லைற் எரிந்து அணைந்தது. பிரேக் என்று நினைத்து நானும் அமத்தினேன். பின்னால் வந்தவர் ஹோர்ண் அடித்தபடி விலத்திப் போனார். அது சிக்னல்! இங்கே பின்பக்கச் சிக்னல் சிவப்பாகவும் இருக்கலாம். இலங்கையில் மஞ்சளையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது பிடிபட நாள் எடுத்தது. 1939இல் ப்யூக் காரில் மினுக்குச் சிக்னலைக் கொம்பனியே பூட்டி விற்றபோதும் அது பின்பக்கம் மட்டும்தான், முன்பக்கம் அடுத்த வருடம் வந்தது.

அதற்கும் முன்னமே இந்தக் கையை நினைத்தவர் ஒரு பெண். ஃபுளோரன்ஸ் லோரன்ஸ், மௌனப்பட நடிகை, இங்கே பக்கத்தில் ஹமில்டனில் பிறந்தவர். 1914 அளவில் பொத்தானை அமத்தினால் காரின் பின்னால் கை எழும்பும்படியும், பிரேக் பிடித்தால் 'நில்' என்ற பலகை தெரியும்படியும் செய்திருக்கிறார். காப்புரிமை எடுக்கவில்லை, அதனால் ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஹமில்டன் பக்கம் கார் ஓட்டும்போதெல்லாம் எனக்கு அது மனதில் குத்தும்.

* * *

எழுதின எல்லாருக்கும் நன்றி. டொராண்டோத் தங்கச்சி, அந்த நடிகையைப் பற்றி நான் இப்போதுதான் அறிகிறேன். இங்கிலாந்தில் மொறிஸ் மைனருக்கு 1961 வரைக்கும் கை வைத்துத்தான் விட்டார்கள். பல்பைக் கழற்றின அந்தக் காலத்துக்குப் பிறகு எங்கட காருக்கும் மினுக்கு லைற் பூட்டி, பிளவுகளைத் தகரம் வைத்து மூடிவிட்டோம். போன மாதம் ஊருக்குப் போனபோது இடப்பக்கத் தகரத்தைக் கழற்றினேன். உள்ளே குளவிக்கூடு. துப்புரவாக்கி, அச்சுக்குத் தையல் மெசின் எண்ணெய் விட்டு, வயரைப் பற்றறியில் தொட்டேன். எழும்பவில்லை. தூணில் ஒரு குத்து விட்டேன், எழும்பியது. பல்பு இருந்த இடம் மட்டும் அப்படியே வெறுமையாக இருக்கிறது.