திரும்ப அழைக்கும் உரிமை: தொடங்கி வைப்பது யார்?

வைகைக்கரை (கேள்வி):
வென்றவர் தொகுதிப் பக்கமே வருவதில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், வாக்களித்தவர்களுக்கே அவரைத் திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அப்படியோர் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை என்பதை அறிவேன். உள்ளாட்சியிலாவது எங்கேனும் உள்ளதா? உள்ளதெனில், அதை மக்களே தொடங்க முடிகிறதா?

அரசமரத்தடி:
உள்ளது. மத்தியப் பிரதேச நகராட்சிச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சித் தலைவரை மக்கள் வாக்கெடுப்பு மூலமே நீக்க வழி செய்தது. வாக்குச் சீட்டில் இரண்டே சின்னங்கள்: ஆள் அமர்ந்திருக்கும் நாற்காலி ஒன்று, காலி நாற்காலி ஒன்று. காலி நாற்காலிக்கு வாக்குகள் மிகுந்தால் தலைவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அண்டை மாநிலமான சத்தீஸ்கரில் 2008-இல் மூன்று உள்ளாட்சித் தலைவர்கள் இவ்வாறு பதவி இழந்தனர்.

ஆனால் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை வேறு. அந்த வாக்கெடுப்பைக் கோரும் மனுவில் கையொப்பமிட வேண்டியவர்கள் வாக்காளர்கள் அல்லர், நான்கில் மூன்று பங்கு கவுன்சிலர்கள். ஆகவே தலைவரோடு ஒத்துப்போகாத கவுன்சிலர்கள் விரும்பினால்தான் மக்களுக்கு வாய்ப்பு. கவுன்சிலர்களைச் சரிக்கட்டி வைத்திருக்கும் தலைவரை ஊரே வெறுத்தாலும் அசைக்க முடியாது. இந்தக் குறையைத் தவிர்த்தது ஹரியாணா. 2020-இல் ஊராட்சிகளுக்காகக் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அங்கு 33 விழுக்காடு வாக்காளர்களே எழுத்து மூலம் கோரிக்கை வைக்கலாம். நீக்குவதற்கு 67 விழுக்காடு வாக்குகள் வேண்டும்.

எதிர்க்கரை:
ஊராட்சிக்குப் பொருந்துவது சட்டமன்றத்துக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை லட்சம் வாக்காளர்கள் உள்ளனர்; பத்து விழுக்காடு என்று வைத்தாலும் ஏறத்தாழ 25 ஆயிரம் கையொப்பங்களைச் சரிபார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பலமுனைப் போட்டியில் வென்றவர் பாதிக்கும் குறைவான வாக்குகளே பெற்றிருப்பார் என்பது. தோற்ற கட்சிகள் கைகோத்தால், அவர் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் மறுநாளே மனு தயாராகிவிடும்.

அரசமரத்தடி:
அதற்காகத்தான் பிரிட்டன் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கதவு வைத்தது. சிறைத் தண்டனை, அவையிலிருந்து குறைந்தது பத்து அமர்வு நாள் இடைநீக்கம், படிச் செலவில் பொய்க் கணக்குக் காட்டியதற்கான தண்டனை ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தால் மட்டுமே மனு திறக்கப்படும். ஆறு வாரத்துக்குள் பத்து விழுக்காடு வாக்காளர்கள் கையொப்பமிட்டால் இடம் காலியாகும். 2018-இல் வட ஆன்ட்ரிம் தொகுதியில் 9.4 விழுக்காட்டோடு நின்றுபோனதால் உறுப்பினர் தப்பித்தார். மறு ஆண்டு பீட்டர்பரோவில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் கையொப்பமிட்டனர். பதவி இழந்தவர் இடைத்தேர்தலில் மீண்டும் நிற்கவும் தடையில்லை. பிரெக்கனில் ஒருவர் நின்று தோற்றார். சோம்பேறி உறுப்பினரை இச்சட்டம் தொடாது என்பது உண்மையே.

ஊராட்சி மணி:
நம் மாநில நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 205-ஆம் பிரிவின்படி, ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் உள்ளது. அவர் விளக்கம் கேட்பார்; வட்டாட்சியர் ஊராட்சி உறுப்பினர்களைக் கூட்டிக் கருத்தறிவார்; பின்னர் ஆட்சியரே முடிவெடுப்பார். தலைவரை நேரடியாக வாக்களித்து அமர்த்திய ஊர்மக்களுக்கு இதில் வாக்கே இல்லை. ஆகவே சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி வாதிடுவதற்கு முன், கிராம சபைக்கு இந்த அதிகாரத்தில் பங்கு கேட்பதே நடக்கக்கூடிய கோரிக்கை என்று கருதுகிறேன்.