இடம் மாறியபின் கூகுள் வரைபடத் தேடலில் எங்கள் அலுவலகம் தென்படவில்லை

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஜிஎஸ்டி, வருமான வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். பொங்கலுக்குப் பிறகு ராயபுரத்திலிருந்து இங்கே மாறினோம். கூகுள் வணிகப் பக்கத்தில் முகவரியை மாற்றி, பெயர்ப்பலகையையும் உள்ளறையையும் வீடியோ எடுத்து அனுப்பினேன், சரிபார்ப்பு முடிந்துவிட்டது.

பெயரைச் சொல்லித் தேடினால் புதிய முகவரியோடு சரியாக வருகிறது, பழைய மதிப்புரைகளும் இருக்கின்றன. ஆனால் மெட்ரோ நிலைய வாசலில் நின்று "ஜிஎஸ்டி ஆலோசகர்" என்று தேடினால் புரசைவாக்கத்து அலுவலகங்கள் வருகின்றன, நடந்தே வந்துவிடக்கூடிய நாங்கள் இல்லை. மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்ய எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்கள் அழைப்பார்கள். இப்போது பழைய வாடிக்கையாளர்கள் மட்டுமே.

முதன்மை வகை "வரி ஆலோசகர்" என்றுதான் இருக்கிறது. வரைபடப் புள்ளியை நகர்த்தி எங்கள் வாசலிலேயே வைத்தேன். இணையதளத்திலும் பிற வணிகக் கையேடுகளிலும் முகவரி, தொலைபேசி எண்ணை ஒன்றாக்கினேன். விளம்பரத்துக்குப் பணம் கட்டியபோது அழைப்பு வந்தது, அதிலும் பாதி வேலை கேட்பவர்கள்! நிறுத்தியதும் அதுவும் நின்றது. மதிப்புரைகளை விலைக்கு வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னார். விதிமீறல், எனக்கு வேண்டாம்.

ராயபுரத்தில் இருந்தவரை முதல் மூன்று இடங்களுக்குள் வந்துகொண்டிருந்தோம். இதேபோல் இடம் மாறி மீண்டவர்கள் சொல்லுங்கள்: இதே பக்கத்தை வைத்துக்கொண்டு, தொழிலின் பெயரில் தேடுபவர்களுக்கு மீண்டும் தெரியவைக்க அடுத்து எதைச் செய்ய வேண்டும்?