வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, அகதிகளுக்குத் தரலாமா?

கிராய்டன் உறுப்பினர்:

எங்களுடையது மூன்று பெட்ரூம் வீடு. மகன் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டான். ஓர் உக்ரைன் குடும்பத்துக்கோ வேறு நாட்டு அகதிக்கோ இடம் தரலாமா என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீடு இதற்குச் சரிப்படுமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? பிரிட்டனில் தங்க வைத்தவர்களும், யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டவர்களும் எழுதுங்கள்.

ரெடிங் உறுப்பினர்:

2022 மார்ச்சில், உக்ரைன் அகதிகளை வீடுகளில் தங்க வைக்கும் 'ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்' என்ற அரசுத் திட்டம் வந்தபோது நாங்கள் பதிவு செய்தோம். குறைந்தது ஆறு மாதம் இடம் தர வேண்டும், வாடகை வாங்கக் கூடாது, அப்போது அரசு மாதம் 350 பவுண்டு நன்றித் தொகை தந்தது. எத்தனை பேர் வந்தாலும் வீட்டுக்கு ஒரே தொகைதான். அதை வருமானமாக நினைத்து இறங்க வேண்டாம். குளிர்காலத்தில் ஹீட்டிங்குக்கும் வெந்நீருக்குமே பெரும்பகுதி போய்விடும்.

கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளாட்சி நிர்வாகத்திலிருந்து, வீட்டைப் பார்க்க ஓர் அம்மா வந்தார். ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம், பாய்லர் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம், கேஸ் சோதனை, மாடி ஜன்னல்கள், சுவரில் ஈரம் என்று பார்த்துக்கொண்டே போனார். இதெல்லாம் காசு கொடுத்தால் சரிசெய்துவிடலாம். வீட்டில் 16 வயது ஆன எல்லாருக்கும் டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, பிள்ளைகள் வருவதாக இருந்தால் இன்னும் விரிவாகப் பார்ப்பார்கள். நம்மைச் சந்தேகப்படுகிறார்களே என்று இதற்காக மனம் கோண வேண்டாம். முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற பெண்ணுக்கு அது ஒன்றுதான் பிடிமானம்.

அறை விஷயத்தில்தான் நாங்கள் அதிகம் யோசித்தோம். இந்த நாட்டில் மூன்று பெட்ரூம் என்று விற்கும் வீடுகளில் மூன்றாவது அறை பெரும்பாலும் பாக்ஸ் ரூம் என்கிற மிகச் சின்ன அறைதான். இங்கிலாந்தின் 1985 வீட்டு வசதிச் சட்டம் நெரிசலுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: ஒருவர் படுக்க 70 சதுர அடி, இரண்டு பேருக்கு 110. 50க்கும் 70க்கும் இடைப்பட்ட அறையை அரை ஆள் கணக்கில் வைக்கிறார்கள், அதாவது பத்து வயதுக்குக் கீழான ஒரு குழந்தைக்கு. எங்கள் பாக்ஸ் ரூம் அந்த ரகம், அதையும் பூஜை அறையாக வைத்திருந்தோம். கடைசியில் பெரிய அறையை, உக்ரைனிலிருந்து வந்த தாய்க்கும் மகளுக்கும் கொடுத்தோம். எங்கள் சின்னவன் பாக்ஸ் ரூமுக்குப் போனான், சாமி படங்கள் ஹால் அலமாரிக்கு வந்தன. மாமியார் முதலில் வருத்தப்பட்டார். அப்புறம் எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும் என்று அவரே போனில் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்தது சமையலறை. நாங்கள் சைவம். வருவதற்கு முன்பே வீடியோ காலில் இதைப் பேசினோம். ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு அவர்களுக்கு, தனிப் பாத்திரங்கள், என்ன வேண்டுமானாலும் சமைக்கலாம் என்று முடிவானது. இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. இரண்டு நாள் விருந்தாளி நம் சாப்பாட்டைச் சாப்பிடுவார். மாதக்கணக்கில் வாழ வருகிறவருக்குத் தன் அம்மா செய்த சூப்பைத் தானே செய்துகொள்ள ஓர் அடுப்பு வேண்டும். முட்டைகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்றால் அது தப்பில்லை, ஆனால் அதே வழக்கமுள்ள ஒருவருக்குத்தான் அந்த வீடு பொருந்தும்.

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டோம். நம் வீடுகளில் யார் அறைக்குள்ளும் யாரும் நுழைவோம், துணி மடித்து வைக்கிறேன் என்று அலமாரியைத் திறப்போம். அதை நிறுத்த முடியுமா என்று வீட்டில் எல்லாரையும் கேளுங்கள், குறிப்பாகப் பெரியவர்களை.

இன்டர்நெட் முக்கியம். அந்தப் பெண் பிள்ளை பகலில் இங்குள்ள பள்ளிக்குப் போய்வந்து மாலையில் உக்ரைன் பள்ளிப் பாடத்தையும் ஆன்லைனில் படித்தாள். தாயின் போனில் அவர் ஊருக்கான விமானத் தாக்குதல் அலாரம் நடு ராத்திரியில் அடிக்கும். கணவர் அங்கே இருக்கிறார், எப்படி அணைத்து வைப்பார்? மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கிறவருக்கு அதைத் தாங்கும் மனசு வேண்டும். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 24. இந்த நாட்டவர் பட்டாசு விடும் நவம்பர் 5 கய் ஃபாக்ஸ் இரவு வரைக்கும் அக்கம்பக்கத்தில் வெடிச்சத்தம்தான். நாங்கள் மத்தாப்புகூட வாங்கவில்லை, முன்கூட்டியே அவர்களிடம் எந்தெந்த இரவு சத்தம் இருக்கும் என்று சொல்லிவைத்தோம். இருந்தும் பிள்ளை அந்த இரவுகளில் ஜன்னல் இல்லாத ஹால்வேயில்தான் தூங்கினாள்.

ஹாரோ உறுப்பினர்:

ரெடிங் தங்கச்சி தாழ்ப்பாளைப் பற்றி எழுதினது எனக்கு நல்லா விளங்குது. இலங்கையில் 1983 கலவரம் நடந்த பிறகு வந்தவள் நான். ஊர்ச்சனம் ஒருவரின் வீட்டு ஹோலில்தான் முதலில் இருந்தேன். அந்த வீட்டுக்காரர் தங்கமானவர்கள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஹோலில் படுக்கிறவருக்கு வீட்டில் எல்லாரும் ரிவி பார்த்து முடித்து எழும்பின பிறகுதான் நித்திரை. விடியவும் முதல் ஆளாக எழும்பிப் படுக்கையைச் சுருட்ட வேண்டும். அழுகிறதுக்கும் ஓர் இடம் இல்லை, குளியலறையைத் தவிர. அதையும் கனநேரம் பூட்டி வைக்க ஏலாது.

1987இல் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற கப்பலில் எங்கட ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். அந்த ஒக்டோபர் புயலில் கப்பல் கட்டறுந்து போனது, பிறகு உள்ளே இருந்தவர்களை வெளியே விட்டார்கள். அப்படி வந்த ஒருவரை நாங்கள் வைத்திருந்தோம், அப்போது எங்களுக்கே ஒற்றை அறைதான். அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. இப்போது கவுன்சிலும் அமைப்புகளும் இருக்கிற நேரத்தில், சோபாவைத் தருகிறோம் என்று சொல்ல வேண்டாம். கதவுள்ள அறை இருந்தால் மட்டும் கூப்பிடுங்கோ. வாசல் திறப்பு (சாவி) ஒன்றை முதல் நாளே கையில் கொடுங்கோ. என்ன நடந்தது, எப்படி வந்தீர்கள் என்று நீங்களாகக் கேட்க வேண்டாம்.

மான்செஸ்டர் உறுப்பினர்:

நாங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள். அறை இருந்தது, வீட்டு உரிமையாளரும் சம்மதித்தார். (வாடகை வீடு என்றால் அவரிடமும், சொந்த வீடு என்றால் கடன் தந்த வங்கியிடமும் கேட்டுவிடுங்கள்.) ஆனால் அப்பாவுக்கு மறதி நோய். ராத்திரியில் எழுந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்ப்பார், யாரையாவது கண்டால் சத்தம் போடுவார். போரிலிருந்து வந்த ஒருவருக்கு இருட்டில் கதவு திறப்பது என்ன செய்யும் என்று நினைத்தோம். அப்பாவுக்கும் அது நல்லதில்லை. அதனால் பக்கத்துத் தெருவில் தங்கியிருக்கும் குடும்பத்தை ஜிபி என்கிற குடும்ப மருத்துவரிடம் பதிவதற்கும் பள்ளிக்கும் காரில் கூட்டிப்போவதோடு நிறுத்திக்கொண்டோம். அறை இருந்தும் தரவில்லையே என்று சிலர் கேட்டார்கள். இதே முடிவைத்தான் மறுபடியும் எடுப்பேன்.

லெஸ்டர் உறுப்பினர்:

உக்ரைன் திட்டம் மட்டுமே வழி இல்லை. 'ரெஃப்யூஜீஸ் அட் ஹோம்' என்ற தொண்டு அமைப்பு 2015லிருந்து எல்லா நாட்டு அகதிகளையும் வீடுகளில் தங்க வைக்கிறது. பெரும்பாலும் புகலிடம் கிடைத்த பிறகு தெருவுக்கு வந்துவிடுகிறவர்கள். அகதி அந்தஸ்து கிடைத்ததும் அரசு தங்குமிடத்தைக் காலி செய்ய வெகுகாலம் 28 நாள்தான் கொடுத்தார்கள். அதற்குள் வேலை, வங்கிக் கணக்கு, வீடு என்று எல்லாம் கிடைத்துவிடுமா?

அமைப்பிலிருந்து வந்தவர் அறையைச் சீக்கிரம் பார்த்துவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஜாப் சென்டர் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) எவ்வளவு தூரம், மசூதி எங்கே என்று கேட்டார். எனக்கு அதுதான் சரியான கேள்வியாகப் பட்டது. கார் இல்லாதவருக்குக் கிராமத்துப் பெரிய வீடு சிறைதான். எங்கள் வீடு சின்னது, ஆனால் பஸ் ரூட்டில் இருக்கிறது. சூடானிலிருந்து வந்த தம்பி ரமலானில் விடிவதற்கு முன் சாப்பிட எழுவார். சமையலறைக்கு நேர் மேலே அம்மாவின் அறை. அம்மா எப்படியும் நாலு மணிக்கு எழுகிறவர், அதனால் பிழைத்தோம். சில நாள் அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

கிராய்டன் உறுப்பினர்:

எல்லாருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. என் பெற்றோர் வருடாவருடம் கோடையில் வந்து ஐந்தாறு மாதம் தங்குவார்கள். மகனும் விடுமுறைக்கு வருவான். அப்போது என்ன செய்வது?

ரெடிங் உறுப்பினர்:

அப்படியென்றால் உங்களிடம் காலி அறை வருடத்தில் பாதிதான் இருக்கிறது. ஆறு மாதத் திட்டத்துக்கு அது போதாது. அம்மா அப்பா வரும்போது ஓர் அகதியை அறையை விட்டு எழுப்புவது, இன்னொரு தடவை ஊரை விட்டுப் போகச் சொல்வது மாதிரி ஆகிவிடும். ஆனால் லெஸ்டர் அண்ணன் சொன்ன அமைப்பில் சில வாரங்கள் மட்டும் தங்குகிறவர்களும் உண்டு. எந்த மாதங்கள் முடியும் என்று தேதியோடு சொல்லிவிட்டால் அதற்கேற்ற ஆளைப் பார்த்து அனுப்புவார்கள்.

நீண்ட காலம் வைக்கிறீர்கள் என்றால், வந்த முதல் மாதமே அடுத்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள். தனியார் வாடகைக்கு முன்பணமும், வாடகைக்குப் பொறுப்பேற்கும் கேரன்டரும் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு இரண்டுமே இருக்காது. எங்களோடு இருந்தவர்களுக்கு வேலை கிடைத்த பிறகும் வீடு கிடைக்கத்தான் நாளானது. இதற்குக் கவுன்சிலில் யாரைப் பார்ப்பது என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

மகனின் அறை அளவு என்ன, அதற்கும் பாத்ரூமுக்கும் நடுவில் யார் அறை இருக்கிறது, பஸ் எவ்வளவு தூரம்? டேப் வைத்து அளந்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.